காதடிக் கட்டிக்குக் குடும்பக் குழுவில் வைத்தியமா?



கோபத்தோடுதான் எழுதுகிறேன். நம் உறவுக்காரப் பெண் ஒருத்திக்குக் காது மடலுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில், நெல்லிக்காய் அளவு கட்டி. வலி இல்லை. ஊசி குத்தி செல் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. போகமாட்டேன் என்கிறாள். காரணம், குழுவில் நீங்கள் போட்ட பதில்கள். "வலிக்கலைல்ல, விட்டுடு." "நெறிகட்டியிருக்கும், மஞ்சள் பத்துப் போடு." "ஊசி குத்தினா சாதாரணக் கட்டியும் கேன்சர் ஆயிடும்." கடைசியாகச் சொன்னவன் உறவு மட்டுமல்ல, என் மாணவனும்கூட. உமிழ்நீர்ச் சுரப்பிப் படத்துக்குப் பத்துக்குப் பத்து வாங்கியவன்!

அதே படம்தான் அப்பா. மூன்று ஜோடியில் பெரியது காதுக்கு முன்னும் கீழும் இருக்கிறது. (புத்தகத்தில் அதற்கு மேலண்ணச் சுரப்பி என்று பெயர் வைத்து, எத்தனை பிள்ளைகளை அண்ணத்தில் அம்புக்குறி போட வைத்தார்கள்!) அதில் வரும் கட்டிகளில் ஏறக்குறைய 80 சதவீதம் புற்று அல்ல. நல்ல செய்திதான். ஆனால் மீதி 20-ல் இவள் இல்லை என்று எந்த விரல் தடவிச் சொல்லும்? அங்கே வரும் புற்றும் தொடக்கத்தில் வலிக்காமல் இருக்கலாம். நெறிகட்டு என்றால் சில வாரத்தில் வடியும். இவளுக்கு எட்டு மாதமாக அப்படியே இருக்கிறது. சாதாரணக் கட்டியையும் பல வருடம் வளரவிட்டால் சிலருக்குப் புற்றாக மாறுகிறது. முகம் ஒரு பக்கம் கோணினாலோ கட்டி சட்டென்று பெருத்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது.

அந்த ஊசி, ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. ஸ்கேனில் பார்த்தபடி குத்தி, துளி செல்களை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதனால் கட்டி புற்றாக மாறாது. சில சமயம் தெளிவாகத் தெரியாது, மறுபடி குத்த நேரும், அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது, என்ன கட்டி என்று தெரியாமல் வைக்கும் கத்திக்கு. எனக்கு வலது பக்கம் இதே கட்டி வந்தபோது, 'கொழுப்புக் கட்டி' என்று சொல்லி, ஊசிப் பரிசோதனை எதுவும் இல்லாமல் ஓரிடத்தில் கீறி நோண்டி எடுத்தார்கள். அரைமணி நேர வேலை, எனக்கும் சந்தோஷம். இந்தக் கட்டியின் உறை மெலிசு. கிழிந்து சிதறினால் தங்கிய துணுக்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். 11 வருடம் கழித்து மூன்று முடிச்சாகத் திரும்பி வந்தது. முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேதான் கிளை பிரிகிறது. முதல் தடவையே அந்த நரம்பைக் கண்டு ஒதுக்கி, சுற்றியுள்ள சுரப்பிச் சதையோடு எடுத்திருக்க வேண்டியது. பழைய தழும்புக்குள் நரம்பைத் தேடிச் செய்த இரண்டாவது அறுவையில் ஒரு கிளை போயிற்று. பரீட்சை ஹாலில் சார் ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார் என்று கேலி செய்தீர்களே, அது இதனால்தான். வலது இமை இன்றும் முழுதாக மூடாது.

வியாழக்கிழமை காலை அவளை நானே அழைத்துப் போகிறேன். அதுவரை குழுவில் ஒருவரும் பத்துப் போடச் சொல்ல வேண்டாம். சொல்லியே ஆகவேண்டும் என்பவர்கள் வீட்டுக்கு வாருங்கள், காபி தருகிறேன். என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.