அணு எரிபொருளுக்குள் என்ன நடக்கிறது? கணினி சொல்வதை எவ்வளவு நம்பலாம்?

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வரப்போகிறது என்றதும் கம்பம் பள்ளத்தாக்கில் எழுந்த பயம் இதுதான்: "அணுக்கழிவைக் கொண்டுவந்து மலைக்குள்ள போடப் போறாங்களா?" திட்டத்தில் இருந்தது 50,000 டன் இரும்பாலான உணர்கருவி. அணு எரிபொருள் எதுவும் கிடையாது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் தமிழக அரசு எதிர்ப்புத் தெரிவித்தபோதும் புலிகளின் வழித்தடத்தையும் மேற்குத் தொடர்ச்சி மலையையும்தான் காரணமாகச் சொன்னது.

சரி, அணு எரிபொருள் நிஜமாகவே இருக்கும் கல்பாக்கத்துக்கு வருவோம். உலைக்குள் அது என்ன ஆகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? ஒரு வழி, கணினி சிமுலேஷன்.

பெரும்பாலான உலைகளில் எரிபொருள் என்பது யுரேனியம் டை ஆக்சைடு. பீங்கான் மாதிரி கெட்டியான சின்ன வில்லைகள். உள்ளே யுரேனியம், ஆக்சிஜன் அணுக்கள் வரிசை பிசகாமல் அடுக்கியிருக்கும். ஒரு யுரேனியம் அணு பிளந்தால், சிதறும் துண்டுகள் அந்த வரிசையைக் கலைத்துவிடும். செனான் போன்ற வாயுக்கள் உருவாகி, குமிழிகளாகச் சேரும். வில்லை வீங்கும், வெப்பம் கடத்தும் திறன் குறையும். வில்லைகளை மூடியிருக்கும் உலோகக் குழாய் இதைத் தாங்குமா என்பதுதான் பாதுகாப்புக் கேள்வி.

கணினியில் ஒவ்வொரு அணுவும் பக்கத்து அணுவை எவ்வளவு இழுக்கிறது, தள்ளுகிறது என்று கணக்கிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். ஒவ்வொரு நகர்வும் சுமார் ஒரு ஃபெம்டோ நொடி. அதாவது, ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு துண்டு. ஒரு நானோ நொடியைப் பார்க்கவே 10 லட்சம் தடவை கணக்குப் போடணும். எரிபொருளோ மாதக்கணக்கில் உலைக்குள் இருக்கும்! அதனால் அணு அளவில் கிடைத்த எண்களை வேறு பெரிய கணித மாதிரிகளுக்குக் கொடுத்துத்தான் மீதியைக் கணிக்கிறார்கள்.

சறுக்கலும் உண்டு. எலக்ட்ரான்களைக் கணக்கிடும் டி.எஃப்.டி. என்ற பிரபலமான முறையை அப்படியே போட்டால், யுரேனியம் டை ஆக்சைடை உலோகம் என்று சொல்லிவிடும். உண்மையில் அது உலோகம் போல மின்சாரம் கடத்தாது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் விசைக்குத் தனியாக ஒரு திருத்தம் சேர்த்தால்தான் விடை சரியாக வரும். ஆய்வகத்தில் அளந்த எண் கையில் இருந்ததால்தான் தப்பு பிடிபட்டது. 'கணினியில் பார்த்தாச்சு' என்று யாராவது சொன்னால், 'எதை அளந்து சரிபார்த்தீங்க?' என்று கேட்பதில் தப்பே இல்லை.

கல்பாக்கத்தில் 1985 முதல் இருக்கும் எஃப்.பி.டி.ஆர். சோதனை உலையில் யுரேனியம்-புளூட்டோனியம் கார்பைடு எரிபொருள். இதில் உலக அளவிலேயே முன்அனுபவம் குறைவு. பயன்படுத்திய எரிபொருளைக் கதிர்வீச்சுத் தடுப்பு அறைக்குள் எந்திரக் கைகளால் வெட்டிப் பார்த்து, பயன்பாட்டு வரம்பைப் படிப்படியாகத்தான் கூட்டினார்கள். கடைசியில் ஒரு டன்னுக்கு 1,65,000 மெகாவாட்-நாள் வரை போனது.

பக்கத்திலேயே உள்ள 500 மெகாவாட் பி.எஃப்.பி.ஆர். உலைக்குக் கார்பைடு இல்லை, ஆக்சைடு கலவை. 2024 மார்ச்சில் அதன் மையப் பகுதியை நிரப்பும் பணி தொடங்கியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அதே வகை எரிபொருளை எஃப்.பி.டி.ஆருக்குள் வைத்து 1,12,000 மெகாவாட்-நாள் வரை எரித்துப் பார்த்துவிட்டார்கள்.