அதிகாலை இடிக்கும் ஓர் அறிவித்தல் வேண்டும்

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அன்றாட அறிக்கையில் கிழக்குக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே வசனம்தான்: சில இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம், அவ்வேளை தற்காலிகமாகப் பலத்த காற்றும் வீசலாம். எந்த இடம், எத்தனை மணிக்கு என்பது அவரவர் ஊகம். மாலை இடிக்கு இது ஒருவாறு போதும். முகில் கறுப்பதைக் கண்ணாலேயே காணலாம். அதிகாலை மூன்று மணிக்கு மட்டக்களப்பு வாவியின் நடுவே தோணியில் வலையோடு இருப்பவருக்கு இதனால் என்ன பயன்?

வாடைக் காலத்து அதிகாலை இடி தற்செயலாக வருவதல்ல. இரவில் தரை குளிர, நிலக்காற்று கடல் பக்கம் இறங்கும். வடகீழ்ப் பருவக்காற்று எதிரே வரும். கரைக்கு அப்பால் இரண்டும் முட்டுமிடத்தில் ஈரக்காற்று மேலெழுந்து முகிலாகும். பருவக்காற்று அதைக் கரைக்குத் தள்ளிவிடும். எந்த இரவு, எந்தத் துறைக்கு நேரே என்பதை முதல்நாள் மாலையே எவராலும் சொல்ல முடியாது. அதற்காகத் திணைக்களத்தைத் திட்டுவது நியாயமுமல்ல. ஆனால் முகில் திரளத் தொடங்கிய பிறகு, ஒன்றிரண்டு மணித்தியாலம் முந்திச் சொல்வது முடியாத காரியமா?

அதற்கான கருவி டொப்ளர் ராடார். புத்தளத்திலும் பொத்துவிலிலும் அமைக்க 2017இல் ஜப்பானுடன் மானிய ஒப்பந்தம் செய்தோம். 2025 நவம்பரில் டித்வா புயல் தாக்கியபோதும் அவை இயங்கவில்லை. பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 100 கிலோமீற்றர். இந்தியாவின் காரைக்கால் ராடாரோ 400 கிலோமீற்றருக்கு அப்பால். பூமியின் வளைவால் நம் முகில்களின் கீழ்ப்பாகம் அதன் பார்வையில் படாது. 2011 நவம்பர் 25இல் திடீர்க் காற்று தென்கரை மீனவர் பலரைப் பலிகொண்டபோதும், முன்னறிவித்தல் இல்லையே என்றுதான் நாடு பேசியது. பேச்சோடு சரி.

ராடார் வரட்டும் என்று கைகட்டி இருக்கவும் தேவையில்லை. ஹிமவாரி செய்மதி பத்து நிமிடத்துக்கொரு படம் தருகிறது. அதில் நள்ளிரவுக்குப் பின் கிழக்கை மட்டும் கவனித்துப் பார்க்க ஓர் உத்தியோகத்தர் வேண்டும். அவர் கண்டதைத் தமிழில் உடனே கரைக்குச் சேர்க்க ஒரு வழி வேண்டும். ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் மீனவரைக் கொல்வது இரவு இடிப்புயல்தான். அங்கே 'ஹைவே' திட்டத்தின் கீழ் மீனவருக்கென்றே உள்ளூர் மொழிகளில் எச்சரிக்கை போகத் தொடங்கியது. அவர்கள் ஒன்றும் நம்மைவிடப் பணக்கார நாட்டினர் அல்லர்.

எச்சரிக்கை பொய்த்தால் அடுத்தமுறை யார் கேட்பார் என்பது உண்மையான ஆட்சேபம். இறால் படும் நாளில் ஓர் இரவுத் தொழில் போவது சிறு நட்டமல்ல. ஆகவே தடை போட வேண்டாம். வாய்ப்பு எவ்வளவு என்பதை மட்டும் ஒளிக்காமல் சொல்லுங்கள். போவதா இல்லையா என்பதைத் தோணிக்காரர் தீர்மானிப்பார். குருமண்வெளி–மண்டூர்த் துறையில் மோட்டார் சைக்கிள்களும் ஆசிரியர்களும் நெருக்கியடித்து ஏறும் படகுப் பாதையின் முதல் ஓட்டத்தை அரைமணி பிந்தவைக்க, அந்த ஒரு தகவல் போதும்.

வரும் வாடைக்கு முன், ஒக்டோபரிலேயே, அதிகாலை இரண்டு மணிக்கு வாவிக்கும் கரையோரக் கடலுக்கும் தனித்தனி அறிவித்தல் தொடங்க வேண்டும். அதற்கு ஆகும் செலவு, ஓர் உத்தியோகத்தரின் மேலதிக நேரக் கொடுப்பனவு.