20 வயதுக்கு மேல், 50-க்குக் கீழ்: பழைய கார் கிளப்புகளின் கவலை என்ன?

ஞாயிறு காலையில் பளபளக்கும் அம்பாசிடர்களும் பத்மினிகளும் வரிசை கட்டிப் போனால், நின்று செல்ஃபி எடுக்காதவர்கள் குறைவு. ஆனால், அந்த வண்டிகளின் சொந்தக்காரர்கள் கிளப்பில் கூடினால், பெயின்ட், குரோம் என்று தொடங்கும் பேச்சு கடைசியில் ஆர்.சி.யில் வந்து நிற்கிறது. காரணம் என்ன?

விதி என்ன சொல்கிறது?

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ‘விண்டேஜ்’ வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த, சேஸி, பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யப்படாத கார்களும் டூவீலர்களும் இதில் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும். பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய்.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கண்காட்சி, ரேலி, ஆராய்ச்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்ற காரியங்களுக்கு மட்டுமே வண்டியை வெளியே எடுக்கலாம். தினமும் ஆபீஸுக்கு ஓட்டிப் போக முடியாது.

சிக்கல் எங்கே?

50 வயதைத் தொடாத வண்டிகளில்தான். சொந்தக் காருக்கு 15 ஆண்டுகள் முடிந்தால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு 10,000 ரூபாயாக உயர்ந்தது. இறக்குமதி கார் என்றால் 80,000 ரூபாய்.

1990-ல் பதிவான ஒரு பத்மினியை எடுத்துக்கொள்வோம். அது விண்டேஜ் ஆவது 2040-ல். அதற்குள் 2030, 2035 என இரண்டு முறை புதுப்பித்தால் கட்டணம் மட்டும் 20,000 ரூபாய். இன்சூரன்ஸ், ஃபிட்னஸ், பசுமை வரி எல்லாம் தனி. மாளிகையில் ரோல்ஸ் ராய்ஸ் வைத்திருப்பவருக்கு இது பெரிய காசில்லை. அப்பா வாங்கிய பத்மினியை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவருக்கு, காயலான் கடைக்குப் போட்டுவிடலாமா என்று யோசிக்க வைக்கும் தொகை.

அரசுத் தரப்பிலும் நியாயம் உண்டு. பழைய இன்ஜின் அதிகம் புகை விடும். பிரேக், சீட் பெல்ட் எல்லாம் இன்றைய தரத்தில் இருக்காது. ஆனால், தினம் 50 கி.மீ. ஓடும் வண்டிக்கும் மாதம் இரண்டு முறை வெளியே வரும் வண்டிக்கும் கட்டணம் ஒன்றே என்பதுதான் கேள்வி. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா, 30 ஆண்டுகளையே வரம்பாக வைத்திருக்கிறது. ஜெர்மனியிலும் 30 ஆண்டு ஆனால் தனி நம்பர் பிளேட் பெறலாம். பிரிட்டனில் 40 ஆண்டு ஆன வண்டிக்குச் சாலை வரி விலக்கு உண்டு.

கிளப் என்ன செய்யலாம்?

முதல் வேலை, உறுப்பினர்களின் ஆவணங்களைச் சரிபார்ப்பது. பெட்ரோல் விலைக்குப் பயந்து அம்பாசிடரில் டீசல் இன்ஜின் மாற்றியவர்கள் ஏராளம். அப்படி மாற்றிய வண்டி 50 வயதைத் தொட்டாலும் விண்டேஜ் தகுதி கிடைப்பது கஷ்டம். பழைய இன்ஜின் ஷெட்டில் கிடந்தால், அதை இரும்புக்குப் போடாமல் வைத்திருக்கச் சொல்வதே பெரிய உதவி.

இரண்டாவது, பராமரிப்பு. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். இது பழைய ரப்பர் ஹோஸ்களை அரிக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்கில் ஈரம் சேர்ந்து துருப்பிடிக்கும். ஹோஸ்களை மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொண்டால் செலவு குறையும். கார்புரேட்டர் டியூனிங் தெரிந்த மூத்த மெக்கானிக்கிடம் இளைஞர்கள் தொழில் கற்கவும் கிளப் வழி செய்யலாம்.

மூன்றாவது, பதிவு. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கம் பதியலாம். வாட்ஸ்அப் குரூப்பாகவே இருந்தால் அரசிடம் மனு கொடுக்கும்போது அது தனி ஆளின் குரல்தான். கணக்கு வழக்கோடு பதிவான சங்கம், ‘30 வயது கடந்த வண்டிக்கு, குறைந்த ஓட்டத்துக்கு, குறைந்த கட்டணம்’ என்று கேட்டால் அதற்கு எடை உண்டு.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த முதல் மாருதி 800 கார்களுக்கு 2033-ல்தான் 50 வயது ஆகும். நடுத்தரக் குடும்பங்களை முதன்முதலில் கார் வாங்க வைத்த அந்த வண்டிகளில் அதுவரை எத்தனை மிஞ்சும் என்பதை, இடைப்பட்ட ஆண்டுகளின் கட்டணம்தான் தீர்மானிக்கும்.