செல்லம் கேட்காத உயிர்

மலைப்பாம்பை வீட்டில் வளர்ப்பது பற்றிப் பேச்செடுத்தால் நம்மிடையே பொதுவாக இரண்டு எதிர்வினைகள்தாம் எழுகின்றன. ஒன்று அருவருப்பு, மற்றொன்று வாய்பிளந்த வியப்பு. அருவருப்பவர் பாம்பைப் பார்ப்பதில்லை, தம் அச்சத்தைத்தான் பார்க்கிறார். வியப்பவரும் பாம்பைப் பார்ப்பதில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் தம் புகைப்படத்தைப் பார்க்கிறார். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, சிறு குழந்தைகள் உள்ள ஒரு வீட்டுக்கு மலைப்பாம்பு வரலாமா என்று நிதானமாகக் கேட்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் முயற்சி.

இக்கேள்வி எனக்கு வெறும் சிந்தனைப் பயிற்சி அன்று. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தில் வசிக்கும் என் தம்பி சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, பெரியவன் மலைப்பாம்பு வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அவன் கூடப் படிக்கிற பையன் வீட்ல இருக்காம். நீ என்ன சொல்ற?" என்று கேட்டான். மூத்தவனுக்கு ஒன்பது வயது, இளையவளுக்கு மூன்று. தமிழ் கற்பிக்கும் அக்காவிடம் பாம்பு பற்றி யோசனை கேட்கும் தம்பியை நினைத்துச் சிரிப்பு வந்தாலும், வேண்டாம் என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. தேடிப் படித்தேன், யோசித்தேன். அதன் பயனாக எனக்குள் உருவான கருத்தை இங்கே வைக்கிறேன்.

முதலில் எந்தப் பாம்பு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் மனத்தில் மலைப்பாம்பு என்றதும் எழுவது பெருங்காட்டு உருவம். சங்கப் புலவர்கள் அதை மாசுணம் என்றார்கள். வழியில் விழுந்து கிடக்கும் மரமோ என மயங்கச்செய்யும் மாசுணத்தை மலைபடுகடாம் காட்டுகிறது. மேலை நாட்டு வீடுகளில் பெரிதும் வளர்க்கப்படுவதோ மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் வாழும் பந்து மலைப்பாம்பு. அமெரிக்கர் பால் பைத்தான் என்பர். பிரிட்டனில் ராயல் பைத்தான் என்பர். வளர்ந்தபின் மூன்றடி முதல் ஐந்தடி வரை நீளும். பெண் பாம்பு சற்றுப் பெரிது. நஞ்சு கிடையாது. அஞ்சினால் சீறிப் பாய்வதைவிடத் தலையை நடுவே பொதிந்துகொண்டு பந்துபோல் சுருண்டுவிடுவதே அதன் வழக்கம். பெயர்க்காரணமும் அதுதான்.

எல்லா மலைப்பாம்புகளும் இத்தகைய சாதுக்கள் அல்ல. 2009இல் ஃபுளோரிடாவில் வீட்டில் வளர்த்த பர்மிய மலைப்பாம்பு கூட்டிலிருந்து வெளியேறி இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றது. 2013இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு ஒன்று தன் அடைப்பிலிருந்து தப்பி, உறங்கிக்கொண்டிருந்த சகோதரர் இருவரைக் கொன்றது. மூத்தவனுக்கு வயது ஆறு, இளையவனுக்கு நான்கு. இவ்விரண்டு நிகழ்வுகளிலும் இருந்தது பந்து மலைப்பாம்பு அன்று. ஆயினும் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டடிக் குட்டியாகக் கிடக்கும்போது எல்லாமே ஒன்றுபோலத்தான் தோன்றும். பர்மிய மலைப்பாம்பின் குட்டி சில ஆண்டுகளிலேயே பத்தடியைத் தாண்டிவிடும். ஆகவே இனம் அறியாமல் 'ஒரு மலைப்பாம்பு' என்று பொதுவாக ஆசைப்படுவதே முதல் ஆபத்து. குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் பேரினங்கள் ஒருபோதும் கூடா. இதில் விவாதத்துக்கு இடமில்லை.

பந்து மலைப்பாம்பு என்று முடிவானபின் வேறு வகைக் கேள்விகள் எழுகின்றன. அவற்றில் முதலாவது மொழி சார்ந்தது. வீட்டு விலங்கை நாம் செல்லப்பிராணி என்கிறோம். செல்லம் என்பது கொடுப்பதும் கொள்வதுமாகிய ஓர் உறவு. நாய் வாலாட்டும், பூனை காலை உரசும், கிளி பெயர் சொல்லி அழைக்கும். மலைப்பாம்பு இவற்றில் எதையும் செய்யாது. அதன் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணர்பவை. குழந்தையின் கை அதற்கு முதன்மையாக ஒரு கதகதப்பு. நாளடைவில் அது நம் கைக்குப் பழகும், அஞ்சாமல் கிடக்கும். பழக்கம் வேறு, பாசம் வேறு. 'பாம்பு உன்னை நேசிக்கிறது' என்று குழந்தையிடம் சொல்வது பொய். அந்தப் பொய்யின்மேல் கட்டப்படும் ஆர்வம் ஆறு மாதத்தில் வடிந்துவிடும். பிறகு கண்ணாடிப் பெட்டி மூலைக்குப் போகும்.

ஆனால் இதையே தலைகீழாகவும் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நன்றி சொல்லாத, பெயர் சொல்லி அழைத்தால் வராத, நம்மைப் பொருட்படுத்தவே செய்யாத ஓர் உயிருக்கு நாள்தோறும் வெப்பமும் நீரும் இருளும் அளித்துக் காப்பது ஓர் அரிய பயிற்சி. நம் குழந்தைகளுக்கு நாம் கற்பிக்கும் அன்பில் பெரும்பகுதி கைம்மாறு உள்ள அன்புதான். கைம்மாறு கருதாமை என்பதை வகுப்பறையில் அறமாகச் சொல்லித்தருகிறோம், தேர்வில் எழுத வைக்கிறோம். அதைக் கையால் செய்து பழக வாய்ப்புத் தருவது அரிது. மலைப்பாம்பு அந்த வாய்ப்பைத் தரக்கூடும். அதை வளர்ப்பதற்கு ஆதரவாக எனக்குத் தென்படும் ஒரே வலுவான காரணம் இதுதான்.

இக்காரணம் நிறைவேற வேண்டுமானால் அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும். அவ்விலையைப் பெரியவர்கள்தாம் கொடுக்க முடியும்.

பாம்புக்குத் தன் உடல் வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் இல்லை. எனவே பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியஸ் வரையிலும், மறுபக்கம் அதைவிடக் குளிர்ச்சியாக 25 பாகை அளவிலும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். வெப்பக் கருவியைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் இயக்கினால் பாம்பு வெந்துபோகும். ஈரப்பதம் குறைந்தால் சட்டை ஒழுங்காக உரியாது. மூடிக்குப் பூட்டு இன்றியமையாதது. தலை நுழையும் இடைவெளி கிடைத்தால் அது வெளியேறிவிடும். ஒன்பது வயதுச் சிறுவன் இவற்றையெல்லாம் கற்கலாம். ஆனால் பனிக்காலத்து இரவில் மின்சாரம் நின்றுபோனால் எழுந்து பார்க்க வேண்டியவர் அவன் தகப்பன்.

அடுத்தது உணவு. இது எலியைத் தின்னும் உயிர். எலியை மட்டுமே என்றுகூடச் சொல்லலாம். உறையவைத்த எலிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைப் பனி நீக்கி, வெதுவெதுப்பாக்கி, இடுக்கியால் நீட்ட வேண்டும். குட்டிக்கு வாரம் ஒருமுறை. வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை. உயிருள்ள எலியை உள்ளே விட்டால் அது பாம்பைக் கடித்துக் குதறிவிடுவதுண்டு. சில பாம்புகள் நோய் ஏதுமின்றியே மாதக்கணக்கில் உண்ண மறுக்கும். அந்நாட்களில் பதற்றப்படாமல் எடைபார்த்துக் காத்திருக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் எலி இருப்பதை ஏற்காத குடும்பம் பாம்பு வளர்க்கும் எண்ணத்தை அப்போதே விட்டுவிடுவது நேர்மை. ஏற்கும் குடும்பத்துக் குழந்தையோ, ஓர் உயிர் வாழ மற்றோர் உயிர் மடிகிறது என்பதை மறைப்பின்றி அறிந்துகொள்கிறது.

மூன்றாவது நோய். பார்வைக்கு முழு நலத்தோடு இருக்கும் ஊர்வனவும் சால்மோனெல்லா கிருமியைச் சுமந்திருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும், அறுபத்தைந்தைக் கடந்த முதியோரும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோரும் ஊர்வனவற்றைத் தொட வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. பாம்பின் நீர்த்தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. தொட்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். மூன்று வயதுக் குழந்தை வாயில் விரல் வைக்காமல் இருக்காது. என் தம்பிக்கு நான் சொன்ன விடையின் பாதி இதிலேயே அடங்கியிருக்கிறது: இளையவளுக்கு ஐந்து வயது நிறையும்வரை பொறு. இரண்டாண்டுக் காத்திருப்பில் மூத்தவனின் ஆசை வடிந்துபோனால், அது வடிந்திருக்க வேண்டிய ஆசைதான்.

நான்காவது காலம். பந்து மலைப்பாம்பு நல்ல பராமரிப்பில் இருபது முப்பது ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயி விலங்குக் காட்சியகத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் பாம்பு 2020இல் முட்டையிட்டுச் செய்தியானது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாங்கித்தரும் பாம்பு அவன் கல்லூரிக்குப் போனபிறகும், மணமுடித்தபிறகும் அதே வீட்டில் இருக்கக்கூடும். இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு விலங்குகளை விற்பதைத் தடைசெய்கிறது. பிள்ளையின் விலங்குக்குப் பெற்றோரே பொறுப்பு என்றும் சொல்கிறது. பிள்ளைக்காக வாங்குகிறோம் என்ற பேச்சே இங்குப் பொருந்தாது. பெற்றோர் தமக்காக வாங்குகிறார்கள், பிள்ளை துணைநிற்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் பொறுப்பைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலமே சாட்சி. வளர்ப்புச் சந்தையின் வழியே வந்து, தப்பியும் விடப்பட்டும் போன பர்மிய மலைப்பாம்புகள் அங்கே பெருகின. 2012இல் வெளியான ஆய்வு, அவை நெடுங்காலமாக வாழ்ந்துவரும் தென்பகுதியில் ரக்கூன்களைக் காண்பது 99.3 விழுக்காடும், ஒப்போசம்களைக் காண்பது 98.9 விழுக்காடும் குறைந்துவிட்டதாகக் கூறியது. அதே ஆண்டு அமெரிக்க அரசு பர்மிய மலைப்பாம்பின் இறக்குமதியைத் தடைசெய்தது. 2017இல் இப்பாம்புகளைப் பிடிக்க நம் செங்கல்பட்டுப் பகுதி இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் அங்கே அழைத்துச் சென்றார்கள். முதல் நான்கு வாரங்களுக்குள்ளாகவே இருபத்தேழு பாம்புகள் பிடிபட்டன. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டபோது நாம் பெருமைப்பட்டோம், பெருமைப்பட வேண்டியதே. ஆனால் அப்பெருமைக்குப் பின்னால், யாரோ சிலர் ஆசையாய் வாங்கி அலுத்துப்போய்க் கைவிட்ட உயிர்களும் இருக்கின்றன என்பதை யாரும் பேசியதாக நினைவில்லை.

பாம்பு எங்கிருந்து வருகிறது என்பதும் அறக்கேள்வியே. பெனின் நாட்டின் உய்தா நகரில் பந்து மலைப்பாம்புகளுக்குக் கோயில் இருக்கிறது. அங்கே அது தெய்வத்தோடு தொடர்புடைய உயிர். வீடுகளுக்குள் வந்துவிட்டால் மதிப்போடு திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். அதே பெனினிலிருந்தும் அண்டை நாடுகளான டோகோ, கானாவிலிருந்தும் லட்சக்கணக்கான பந்து மலைப்பாம்புகள் ஏற்றுமதியாகியிருக்கின்றன. ஒரு மண்ணில் வணங்கப்படுவதும் விற்கப்படுவதும் ஒரே உயிர்தான். காட்டிலிருந்து வந்ததை வாங்குவது அந்தக் கொள்ளைக்குத் துணைபோவதாகும். நிறத்துக்காகவே கலந்து இனப்பெருக்கம் செய்யப்படும் வகைகளிலும் எச்சரிக்கை தேவை. 'ஸ்பைடர்' என்னும் வகையில் அழகிய கோடுகளோடு சேர்ந்தே தலைநடுக்கமும் பிறவியிலேயே வந்துவிடுகிறது. நம் கண்ணுக்கு விருந்தாக ஓர் உயிரை ஆயுள் முழுதும் தள்ளாட வைப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

இனி, யாரும் எழுப்பக்கூடிய பெரிய மறுப்பு ஒன்று உண்டு. காட்டுயிரைப் பெட்டிக்குள் அடைப்பதே தவறு அல்லவா? அடிப்படையில் இம்மறுப்பை நான் ஏற்கிறேன். புதிதாக ஒரு குட்டியைச் சந்தையிலிருந்து வாங்குவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே பெட்டிகளில் பிறந்து, ஓஹையோவின் பனியில் ஒரு நாள்கூட உயிர்தரிக்க முடியாத பாம்புகள் அங்கே இருக்கின்றன. உரிமையாளர் கைவிட்டதால் மீட்பு நிலையங்களில் இடத்துக்குக் காத்திருப்பவையும் அவற்றில் உண்டு. அவற்றைக் காட்டுக்கு அனுப்ப முடியாது, கொல்வதும் தகாது. குழந்தைகள் உள்ள ஒரு வீட்டின் முதல் மலைப்பாம்பு அப்படிக் கைவிடப்பட்ட, வளர்ந்த பாம்பாக இருக்கட்டும் என்பதே என் கருத்து. வளர்ந்ததன் அளவு தெரியும், குணம் தெரியும், உண்ணும் வழக்கமும் தெரியும். அதைவிட முக்கியமாக, புதிய பாம்பு ஒன்றை உருவாக்கிவிற்கும் தேவையை அது பெருக்குவதில்லை.

தமிழகத்து வாசகர்களுக்கு ஒரு சொல். இந்திய மலைப்பாம்பை வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அவற்றைப் பதிவுசெய்ய வேண்டும் என 2024இல் விதிகள் வந்துள்ளன. அண்மை ஆண்டுகளில் பாங்காக்கிலிருந்து வந்த பயணப்பெட்டிகளில் பந்து மலைப்பாம்புகளைச் சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் பலமுறை கைப்பற்றியிருக்கிறார்கள். நம் குழந்தைக்குப் பாம்பில் ஆர்வம் இருந்தால் கிண்டி பாம்புப் பண்ணைக்கோ, வடநெம்மேலியில் இருளர்கள் நடத்தும் கூட்டுறவுச் சங்கத்துக்கோ அழைத்துச் செல்லலாம். பாம்பை அறிவதற்கு அதை உடைமையாக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

பாம்பு வளர்ப்பதா வேண்டாமா என்பது அந்தந்தக் குடும்பம் எடுக்க வேண்டிய முடிவு. முடிவெடுக்கும் பெற்றோர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: பிள்ளையின் ஆர்வம் முற்றிலும் வற்றிப்போன பிறகும், நம்மை ஒருபோதும் நேசிக்காத இந்த உயிரை இன்னும் இருபதாண்டுகள் நாம் காப்போமா? ஆம் என்று தயக்கமின்றிச் சொல்ல முடிந்தவர்கள் வளர்க்கட்டும். அவர்களுடைய குழந்தைகள், கேட்காதவருக்கும் கொடுக்கலாம் என்பதைப் புத்தகத்தின் துணையில்லாமலேயே கற்றுக்கொள்வார்கள்.