கப்பற் பட்டியலில் ஒரு தழும்பு

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னுங் கப்பல் தென்னாபிரிக்காவின் டேர்பன் துறையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தஞ் செய்யப்பட்ட முதற் தொழிலாளர் அதில் வந்திறங்கினர். 1911 வரை சென்னை, கல்கத்தா துறைகளிலிருந்து ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு சென்றனர். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம்; பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள தழும்பு.

தென்னாபிரிக்கத் தமிழர் தம் முன்னோரைத் தேடுவது இப்பட்டியல்களிலேதான். எழுதியவர் காதில் விழுந்தவாறு ஊர்ப்பெயர்கள் சிதைந்து கிடக்கின்றன. ஆயினும் அந்த ஒற்றை வரியே பல குடும்பங்களுக்கு எஞ்சிய முதுசம். அவ்வரியோ அதிகாரிகளுக்கு வேண்டியதை மட்டுமே சொல்கிறது. அவன் ஏன் ஊரை விட்டான், எவரைப் பிரிந்து அழுதான் என்பதற்கு அங்கே இடமில்லை.

நமது நிலை வேறா? அகதி விண்ணப்பக் கோவையில் நமக்கும் ஓர் இலக்கமுண்டு; கைவிரல் அடையாளமுண்டு. நாளை நம் பேரப்பிள்ளைகள் நம்மைத் தேடினால் அதனையே காண்பர். ஊரிலுள்ள ஏடுகள் காக்குமென்றும் இருந்துவிட முடியாது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நாம் அறிவோம்.

ஆகவே, மூத்தோர் உயிருடன் இருக்கையிலேயே கேட்டெழுதுவோம். பாட்டன் செய்த தொழில், பாட்டி பிறந்த ஊர், காணியின் பெயர், புறப்பட்ட நாள், புறப்பட்ட காரணம்: ஒரு கொப்பி போதும். நாம் எழுதாவிடின், நம்மை விசாரித்தவர் எழுதியதே நம் வரலாறாகிவிடும்.