கடைக்காரர் கேட்பார், கம்பெனி கேட்காதா?

ஆன்லைன் ரம்மிக்கு முடிவு கட்டியாச்சு என்று பெண்கள் எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். 2025 ஆகஸ்டில் பார்லிமென்ட் நிறைவேற்றிய சட்டம், காசு கட்டிக் காசு எடுக்கும் ஆட்டங்களை நடத்தினால் மூன்று வருஷம் வரை ஜெயில், ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. விளம்பரம் செய்தாலும் தண்டனை உண்டு. எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்த பிறகு வந்த சட்டம்!

ஆனால் நம் பிள்ளைகள் ஆடுவது ரம்மி இல்லையே. துப்பாக்கிச் சண்டையும் கார் ரேஸும்தான். இலவசம் என்றுதான் செல்போனில் இறங்குகிறது. உள்ளே போனால் ஒரே கடை! வைரம், நாணயம், பொம்மைக்குப் புதுச் சட்டை, உள்ளே என்ன இருக்கும் என்றே தெரியாத அதிர்ஷ்டப் பெட்டி. எங்கள் தெரு அக்கா ஒருவரின் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவர் சீட்டுக்கு அனுப்பிய பணத்தில் நாலாயிரத்துச் சொச்சம் காணோம். ஆறாவது படிக்கிற பையன் வைரம் வாங்கியிருக்கிறான். அவன் முதுகில் நாலு அடி விழுந்தது. விற்றவனை யார் கேட்டார்கள்?

அதே பையன் அன்னவாசல் கடைவீதியில் நாலாயிரத்தை நீட்டியிருந்தால், "ஏதுடா இவ்வளவு காசு? அம்மாவைக் கூட்டிட்டு வா" என்றிருப்பார் கடைக்காரர்.

1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி 18 வயசு நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. செய்தாலும் செல்லாது என்று 1903-ல் பிரிவி கவுன்சில் தீர்ப்பே இருக்கிறது. ஆனால் போனும் கணக்கும் பெரியவர் பெயரில் இருப்பதால், "நீங்கள்தான் வாங்கினீர்கள்" என்று கம்பெனி சுலபமாகத் தட்டிக் கழித்துவிடும்.

அமெரிக்காவில் இதை விடவில்லை. ஃபோர்ட்நைட் விளையாட்டைத் தயாரிக்கும் எபிக் கேம்ஸ், ஒரு பட்டனைத் தட்டினாலே பணம் போகிற மாதிரி வைத்திருந்தது என்று அங்குள்ள வர்த்தகக் கமிஷன் பிடித்தது. 24 கோடியே 50 லட்சம் டாலரைத் திருப்பித் தர அந்தக் கம்பெனி 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. பெல்ஜியத்தில் அதிர்ஷ்டப் பெட்டியைச் சூதாட்டம் என்று 2018-லேயே சொல்லிவிட்டார்கள். நம் நாட்டிலும் 2020-ல் பப்ஜியையும் 2022-ல் ஃப்ரீ ஃபயரையும் தடை செய்தார்கள். அது நாட்டுப் பாதுகாப்புக்காக. பிள்ளைகள் காசு போகிறதே என்று இல்லை.

"பாஸ்வேர்டு போட வேண்டியதுதானே?" என்று தோழிகள் கேட்கலாம். போடத்தான் வேணும். ஆனால் பிள்ளை கைக்கு எட்டுகிற இடத்தில் கடையை விரிப்பது அவர்கள், பூட்டு வாங்குவது மட்டும் நாமா? விலையை வைரக் கணக்கில் சொல்லாமல் ரூபாயில் காட்டணும். ஒவ்வொரு முறையும் பெரியவரின் சம்மதம் கேட்காமல் பணம் எடுக்கக் கூடாது. மீறி எடுத்தால் திருப்பித் தரணும். இதையெல்லாம் சட்டமாகவே போட வேண்டும்.

பணம் போனவர்கள் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள். அதை வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். புகார் செய்வது அசிங்கம் இல்லை.

- ஒரு வாசகி, அன்னவாசல்.