மான்ஸ்டைன் மறந்த ஆணை

எரிக் ஃபான் மான்ஸ்டைனின் பெயரைப் போர்க்கலை ஆர்வலர்கள் இன்றும் வியந்தே உச்சரிக்கின்றனர். காரணமில்லாமல் இல்லை. 1940இல் ஆர்டென் காடுகள் வழியே பிரான்சைப் பிளந்த திட்டம் அவருடைய மூளையில் உதித்தது. செவஸ்தபோலைக் கைப்பற்றி 1942இல் ஃபீல்டு மார்ஷலானார். ஸ்டாலின்கிராட் வீழ்ச்சிக்குப் பின் 1943 மார்ச்சில் கார்கோவை மீட்டார். 1944 மார்ச்சில் ஹிட்லர் அவரைப் பதவியிலிருந்து விலக்கினார்.

ஆனால் 1955இல் வெளிவந்த அவரது ‘இழந்த வெற்றிகள்’ நூலை வாசிக்கையில் நம்மை உறுத்துவது வேறு. பிழைகள் பெரும்பாலும் ஹிட்லரின் தலையில்; திறமை தளபதிகளுடையது. (தலைப்பிலேயே எத்தனை சாமர்த்தியம்!) 1941 நவம்பர் 20 அன்று தம் பெயரில் வெளியான ஆணையைப் பற்றி அவர் பேசவில்லை. யூத-போல்ஷ்விக் அமைப்பு அடியோடு ஒழிக்கப்பட வேண்டும், யூதர்களைக் கடுமையாகத் தண்டிப்பதன் அவசியத்தைச் சிப்பாய் உணர வேண்டும் என்றது அவ்வாணை. அடுத்த மாதமே, அவரது 11ஆம் படையின் பிடியிலிருந்த சிம்ஃபெரோபோலில் 10,000க்கும் மேற்பட்ட யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலைக் குழுவுக்கு ராணுவம் ஆட்களையும் லாரிகளையும் தந்துதவியது.

நியூரம்பர்கில் 1946இல் அவ்வாணையைக் காட்டியபோது, அது நினைவிலிருந்தே நழுவிவிட்டது என்றார். படைப்பிரிவுகளின் அன்றாட நகர்வுகளைக்கூட நூலில் பிசகாமல் விவரிப்பவர் அவர்!

1949இல் ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் விதித்த 18 ஆண்டுச் சிறை 12ஆகக் குறைந்தது. 1953இல் விடுதலையும் ஆனார். அவரது வழக்குக்கு நிதியளித்தோரில் சர்ச்சிலும் ஒருவர்.

நூலை ஒதுக்கச் சொல்லவில்லை நாம். கிரிமியா அத்தியாயத்தை அந்த ஆணையை அருகில் வைத்துக்கொண்டு வாசியுங்கள் என்கிறோம்.